ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’: வாசிப்பு வகுப்புக்கு எந்த அளவு உதவுகிறது?

ஆங்கில இலக்கணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது ‘ரென் அண்ட் மார்ட்டின்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தடித்த நூல்தான். அதற்கடுத்த இடத்தைப் பல ஆண்டுகளாகப் பிடித்திருப்பது ரேமண்ட் மர்ஃபி எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடும் நீல அட்டை நூலான ‘இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்’. 1985இல் முதன்முதலில் வெளிவந்த இந்நூல் 1994, 2004, 2012, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு ஐந்து பதிப்புகளைக் கண்டிருக்கிறது. தானே படித்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இது ஏற்ற நூல் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. இந்த மதிப்பீட்டில் நான் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் இந்நூலை வகுப்புக்குள் கொண்டுவந்தால், மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன் அதனால் வளருமா என்பதே அது. ஐந்தாம் பதிப்பை முன்வைத்து என் விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: அச்சிட்டிருக்கும் வரிசையிலேயே நடத்தினால் வளராது, ஆசிரியர் அந்த வரிசையைக் கலைத்து, ஒவ்வோர் அலகையும் ஒரு பத்தியோடு சேர்த்து நடத்தினால் வளரும்.

முதலில் நூலின் அமைப்பு. மொத்தம் 145 அலகுகள். ஒவ்வோர் அலகும் எதிரெதிராக விரியும் இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இடப்பக்கத்தில் விளக்கமும் எடுத்துக்காட்டுகளும், வலப்பக்கத்தில் பயிற்சிகளும் இருக்கின்றன. காலங்களில் தொடங்கி, எதிர்காலம், துணைவினைகள், ‘இஃப்’ வரும் நிபந்தனை வாக்கியங்கள், செயப்பாட்டுவினை, அயற்கூற்று, ‘-இங்’ வடிவங்கள், சுட்டிடைச் சொற்களான ‘எ’, ‘தி’, உறவுத் தொடர்கள், இணைப்புச் சொற்கள், முன்னிடைச் சொற்கள் என்று நீண்டு, ‘ஃப்ரேசல் வெர்ப்’ எனப்படும் கூட்டுவினைகளில் நூல் முடிகிறது. பின்னிணைப்பாக ஒழுங்கற்ற வினைகளின் பட்டியல், எழுத்துக்கூட்டல் விதிகள், அமெரிக்க ஆங்கில வேறுபாடுகள் முதலியவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். இறுதியில் ‘ஸ்டடி கைடு’ என்ற பகுதியில், சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் இருக்கின்றன. ஒரு வினாவுக்கு விடை தெரியாவிட்டால் எந்த அலகைப் படிக்க வேண்டும் என்று அதனருகிலேயே குறித்திருக்கிறார்கள். பலரும் புரட்டிக்கூடப் பார்க்காத இப்பகுதி ஆசிரியருக்கு மிகவும் பயன்படும். கல்வியாண்டின் முதல் வாரத்தில் இதிலிருந்து சில வினாக்களை எடுத்து வகுப்பில் கொடுத்தால், எந்த அலகுகளை நடத்த வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்பது தெளிவாகிவிடும்.

நூலின் பெரிய வலிமை அதன் சிக்கனம். இலக்கணக் கலைச்சொற்களை இயன்றவரை தவிர்த்துவிட்டு, ஒரு சூழலைக் காட்டி, அந்தச் சூழலில் எந்த வடிவம் வரும் என்று சொல்லி, இரண்டு வடிவங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டிவிட்டு நூலாசிரியர் விலகிக்கொள்கிறார். நம் மரபான இலக்கண நூல்கள் பெயர்ச்சொல் என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும் என்ற வரையறைகளிலிருந்து தொடங்குபவை. அவற்றை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர், ‘நேற்று அவரைப் பார்த்தேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாறுவதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். மர்ஃபியின் நூலில் வரையறை அநேகமாக இல்லவே இல்லை. பயிற்சிகளும் வெறும் கோடிட்ட இடங்களாக நின்றுவிடாமல், படத்தைப் பார்த்து எழுதுதல், அடிக்கோடிட்ட வினை சரியா தவறா என்று முடிவு செய்து திருத்துதல், உரையாடலை நிறைவு செய்தல் என்று மாறி மாறி வருகின்றன.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இதன் சில பகுதிகள் நம்மை மனத்தில் வைத்தே எழுதியவை போலப் பொருந்துகின்றன. ‘மூன்று ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்ற வாக்கியம் நம் மாணவர்களின் எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். இதைச் சரிசெய்ய 11, 12ஆம் அலகுகள் இரண்டும் போதும். அதேபோல, ‘போன வருடம் அங்கே போயிருக்கிறேன்’ என்பது தமிழில் இயல்பான வாக்கியம். இறந்தகாலத்தைக் குறிக்கும் சொல்லும் ‘இருக்கிறேன்’ என்ற முடிவும் சேர்ந்து வருவதில் நமக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சேர்க்கை கூடாது என்பதை 13, 14ஆம் அலகுகள் பொறுமையாக நிறுவுகின்றன. ‘டிஸ்கஸ்’ என்ற வினையோடு ‘அபவுட்’ சேர்க்கும் நம் வழக்கத்துக்கும் முன்னிடைச் சொற்களைப் பற்றிய பகுதியில் மருந்து இருக்கிறது.

69 முதல் 81 வரையுள்ள அலகுகள் ‘எ’, ‘தி’ ஆகியவற்றையும் பெயர்ச்சொற்களையும் பற்றியவை. தமிழில் இவற்றுக்கு நேரான சொற்கள் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஆசிரியர்கள், தமிழுக்குள்ளேயே இருக்கும் ஒரு வசதியைத் தவறவிடுகிறார்கள். ‘நேற்று புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘நேற்று புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆறாம் வகுப்புக் குழந்தைகூட உணரும். இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்ததும், எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும் என்ற குறிப்பு வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். இதைச் சொல்லிவிட்டு மர்ஃபியின் அலகைத் திறந்தால், மாணவர்கள் விதிகளை மனப்பாடம் செய்வதை விட்டு, ‘இது முன்பே தெரிந்த பொருளா, புதிய பொருளா’ என்று கேட்கத் தொடங்குவார்கள். நூல் இந்த வேலையைச் செய்யாது என்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. உலகம் முழுவதும் விற்கும் நூல் தமிழைப் பற்றிப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் எழுதுவதற்கும் பேசுவதற்கும் உரியவை. சிக்கல் வாசிப்பில்தான் தொடங்குகிறது. 1986இல் காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்து இன்றும் பரவலாக எடுத்தாளப்படும் ஒரு கருத்துப்படி, படித்துப் புரிந்துகொள்ளுதல் என்பது எழுத்துகளை ஒலியாக மாற்றும் திறனும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டுக் கிடைப்பது. இரண்டில் ஒன்று பூச்சியமானால் விளைவும் பூச்சியம். நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலப் பத்தியைத் தடையின்றி உரக்கப் படித்துவிடும் மாணவர் பலர். படித்து முடித்ததும், ‘இந்தப் பத்தியில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். சொல்லுக்குப் பொருள் தெரியாததுதான் காரணம் என்று நினைத்து நாம் கரும்பலகையில் சொற்பொருள் எழுதிப் போடுகிறோம். எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்த பிறகும் வாக்கியம் புரியாமல் போகிற இடங்கள் இருக்கின்றன; அங்கேதான் இலக்கணம் வாசிப்புக்குள் நுழைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ‘தி ஃபார்மர் அரெஸ்டட் லாஸ்ட் வீக் ஹேஸ் பீன் ரிலீஸ்ட்.’ செய்தித்தாளில் நாள்தோறும் காணும் வகை வாக்கியம் இது. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் மாணவர்களில் கணிசமானோர், விவசாயி யாரையோ கைது செய்தார் என்று பொருள் கொள்வார்கள். ‘அரெஸ்டட்’ என்பதை அவர்கள் இறந்தகால வினைமுற்றாக எடுத்துக்கொள்கிறார்கள். இறந்தகாலத்துக்கு ‘-எட்’ சேர்க்க வேண்டும் என்று நாம்தான் பல ஆண்டுகளாகக் கற்பித்திருக்கிறோம். வாக்கியத்தின் உண்மையான வினைமுற்று அதன் கடைசியில் நிற்கிறது. தமிழில் இதையே ‘கடந்த வாரம் கைது செய்யப்பட்ட விவசாயி விடுவிக்கப்பட்டிருக்கிறார்’ என்போம். விவசாயியைப் பற்றிய விளக்கம் முழுவதும் ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு முன்பே வந்துவிடுகிறது. தமிழ் இலக்கண வகுப்பில் இதற்குப் பெயரெச்சம் என்று பெயரிட்டுப் படித்தும் இருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த விளக்கம் பெயருக்குப் பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும் தமிழ் மாணவர், பெயரைக் கண்டதும் விளக்கம் முடிந்துவிட்டது என்று கருதி அடுத்து வினையை எதிர்பார்க்கிறார். எதிர்பார்த்த இடத்தில் வினை போலத் தோன்றும் ஒரு சொல் கிடைத்ததும் அதைப் பற்றிக்கொள்கிறார்.

இதற்கான பாடம் மர்ஃபியின் நூலில் இருக்கிறது. 97ஆம் அலகு முழுவதும் இந்த ‘-இங்’, ‘-எட்’ தொடர்களைப் பற்றியதுதான். அதற்கு முந்தைய ஐந்து அலகுகள் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ வரும் உறவுத் தொடர்களைப் பேசுகின்றன. நூலை முதலிலிருந்து வாரம் ஓர் அலகாக நடத்துகிற வகுப்பு 97ஐ எட்டுவதற்குள் இரண்டு கல்வியாண்டுகள் கழிந்துவிடும். நூலை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, தேவையான அலகுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அறிவுரை முன்னுரையிலேயே இருக்கிறது. அதைப் படித்த பிறகும் முதல் அலகிலிருந்தே தொடங்குவது நம் ஆசிரியர்களின் பழக்கம். ‘போர்ஷன் முடிக்க வேண்டும்’ என்ற அச்சம் பாடநூல் அல்லாத நூலையும் விட்டுவைப்பதில்லை.

ஆகவே வாசிப்பு வகுப்புக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. முதலில் உறவுத் தொடர்கள், அதாவது 92 முதல் 97 வரை. இதை நடத்தும்போது வலப்பக்கப் பயிற்சிகளைப் பாதியோடு நிறுத்திக்கொண்டு, பாடநூலில் அந்த வாரம் நடக்கும் உரைநடைப் பகுதியை எடுத்து, அதில் நீளமான மூன்று நான்கு வாக்கியங்களில் வினைமுற்று எது என்று அடிக்கோடிடச் சொல்ல வேண்டும். அடுத்து, ‘யார் செய்தார், யாருக்குச் செய்தார்’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும். விடையைத் தமிழில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளலாம், ஏனென்றால் சோதிப்பது புரிதலைத்தான். பிறகு எதிர்த்திசையில் ஒரு வேலை: இரண்டு குறு வாக்கியங்களைக் கொடுத்து, ஒன்றை மற்றொன்றின் உள்ளே வைத்து ஒரே வாக்கியமாக்கச் சொல்ல வேண்டும். கட்டத் தெரிந்த வாக்கியத்தைப் பிரிக்கவும் தெரியும் என்பதால், இந்தப் பயிற்சி வாசிப்புக்கு உடனடியாக உதவுகிறது.

இரண்டாவதாகச் செயப்பாட்டுவினை, 42 முதல் 46 வரை. நம் வகுப்புகளில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றும் கணக்குப் போன்ற பயிற்சியே நடக்கிறது. ஒருவர் ஏன் செயப்பாட்டுவினையில் எழுதுகிறார் என்ற கேள்வியே எழுவதில்லை. செய்தவர் யார் என்று தெரியாதபோதும், சொல்லத் தேவையில்லாதபோதும் இந்த வடிவம் வரும் என்பதை மர்ஃபி தொடக்கத்திலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். அந்தச் சுருக்கமான குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு விபத்துச் செய்தியையோ அரசு அறிவிப்பையோ எடுத்து, ‘இந்தப் பத்தியில் செய்தவர் பெயர் எங்கெல்லாம் விடுபட்டிருக்கிறது, ஏன் விட்டிருப்பார்கள்’ என்று கேட்டால், உய்த்துணர்ந்து விடை காணும் வினாக்களுக்கு மாணவர்கள் தயாராகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்தக் கேள்வியில் காட்டும் ஆர்வம் வாக்கியம் மாற்றும் பயிற்சியில் ஒருபோதும் வருவதில்லை.

துணைவினைகளில் 28ஆம் அலகை மட்டுமாவது தவறவிடக் கூடாது. ‘மஸ்ட்’ என்றால் ‘கட்டாயம் செய்ய வேண்டும்’ என்று ஒரே பொருளை நாம் கற்பித்து வைத்திருக்கிறோம். கதையொன்றில் ‘தி ஓல்ட் மேன் மஸ்ட் பி டயர்ட்’ என்று வந்தால், முதியவர் சோர்வடைய வேண்டும் என்று யாரோ கட்டளையிடுவதாக மாணவர் எழுதிவைப்பார். ‘சோர்ந்திருப்பார்’ என்று தமிழில் நாம் சொல்லும் ஊகமே இங்கே இருக்கிறது என்பதை அந்த ஓர் அலகு தெளிவாக்கிவிடும். கதை வாசிப்புக்கு 15ஆம் அலகும் தேவை; நடந்தவற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்பதை ‘ஹேட்’ சேர்ந்த வடிவத்தைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டிய இடங்கள் கதைகளில் மிகுதி. தமிழில் ‘போனான்’, ‘போயிருந்தான்’ என்ற வேறுபாடு முன்பே இருப்பதால் இதற்கு அதிக நேரம் ஆகாது. 113ஆம் அலகில் வரும் ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ ஆகியவையும், 115இல் வரும் ‘அன்லெஸ்’ஸும் வாக்கியத்தின் போக்கைத் திருப்பிவிடும் சொற்கள். இவற்றைக் கவனிக்காமல் படிப்பவர் பத்தியின் கருத்துக்கு நேர் எதிரான விடையைத் தேர்ந்தெடுப்பார். கூட்டுவினைகளுக்காக ஒதுக்கியிருக்கும் 137 முதல் 145 வரையுள்ள அலகுகளை வகுப்பில் நடத்த வேண்டிய அவசியமில்லை. பத்தியில் ஒன்று எதிர்ப்படும்போது தேடிப் பார்ப்பதற்கு மட்டும் போதும்.

மேலே சொன்ன ‘தி’ பற்றிய அலகுகளுக்கும் வாசிப்பில் ஓர் இடம் உண்டு என்பதைப் பல ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. ஒரு பத்தியின் நடுவில் ‘தி டிசிஷன்’ என்று வந்தால், அந்த முடிவைப் பற்றி முன்பே எங்கோ பேசியிருக்கிறார்கள் என்று பொருள். எந்த முடிவு என்று மேலே போய்த் தேடுபவரே பத்தியைத் தொடர்ந்து புரிந்துகொள்கிறார். ‘தி’யை எங்கே போட வேண்டும் என்று கேட்கும் மர்ஃபியின் பயிற்சியைச் செய்து முடித்த கையோடு, ‘இங்கே ஏன் போட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு பத்தியில் கேட்பது எழுத்துப் பயிற்சியை வாசிப்புப் பயிற்சியாக மாற்றிவிடுகிறது.

இந்த இடத்தில் நூலின் உண்மையான எல்லையும் தெரிகிறது. இதன் அடிப்படை அளவு வாக்கியம். ஒரு வாக்கியம் அடுத்ததோடு எப்படிப் பிணைகிறது என்பது இதன் அக்கறைக்குள் வருவதில்லை. ‘ஹி’, ‘இட்’, ‘திஸ்’ போன்ற சொற்கள் முந்தைய வாக்கியத்தில் எதைச் சுட்டுகின்றன என்று கண்டறியப் பயிற்சி இல்லை. ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ போன்று வாக்கியங்களுக்கு இடையே நிற்கும் சொற்களுக்குத் தனி அலகு இல்லை. அதற்கு இதே வரிசையில் மார்ட்டின் ஹியூயிங்ஸ் எழுதிய பச்சை அட்டை நூலான ‘அட்வான்ஸ்டு கிராமர் இன் யூஸ்’ வரை போக வேண்டும். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அன்றாட உரையாடல் வாக்கியங்கள். வானிலை, விடுமுறை, வேலை, நண்பர் வீட்டு விருந்து என்று ஓர் ஆங்கிலேய நகரத்தின் நடுத்தர வாழ்க்கை அவற்றில் நடந்துகொண்டே இருக்கிறது. அறிவியல் கட்டுரையின் நடையோ செய்தித்தாளின் நடையோ மிகக் குறைவு. இந்நூலை மட்டும் கரைத்துக் குடித்த மாணவர் ஒரு செய்திக் கட்டுரையைத் திறந்தால் அந்த அடர்த்தியில் திணறுவார்.

எனவே பத்திகளை வெளியிலிருந்து எடுக்க வேண்டும். மாணவர்களின் கையிலேயே இருக்கும் பாடநூல் முதல் தேர்வு; செலவில்லை, அதைத் தேர்வுக்காக எப்படியும் படித்தாக வேண்டும். கீழ்வகுப்புகளுக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம் மிகவும் பொருத்தமானது. கதைகளை வாசிப்பு நிலைக்கேற்ப நான்காகப் பிரித்திருக்கிறார்கள். திறந்த உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கி அச்சிட்டுக் கொடுக்கலாம். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பதும் உண்டு. தமிழில் முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படிக்கும் குழந்தைக்குக் கதையின் போக்கு தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் வாக்கிய அமைப்பின் மீது விழும். பத்தியின் பொருளைப் பற்றி மாணவருக்கு முன்பே எவ்வளவு தெரியும் என்பதையும் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பேஸ்பால் ஆட்டத்தை நன்கறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அந்த ஆட்டத்தைப் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நம் வகுப்பில் இதைச் சோதிக்க, ஒரு கிரிக்கெட் போட்டியைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைக் கொடுத்தாலே போதும். கடைசி இருக்கையில் இருப்பவர்கள் முதலில் விடை சொல்வார்கள். புதிய இலக்கண வடிவத்தை அறிமுகப்படுத்தும்போது பழகிய பொருளுள்ள பத்தியையும், வடிவம் பழகிய பிறகு புதிய பொருளுள்ள பத்தியையும் கொடுப்பது சரியான முறை.

தேர்வைப் பற்றிக் கேட்காமல் எந்தப் பெற்றோரும் நூல் வாங்கமாட்டார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வரும் இலக்கண வினாக்களில் செயப்பாட்டுவினை மாற்றம், அயற்கூற்று மாற்றம் போன்றவை உண்டு. தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாகவோ தொடர் வாக்கியமாகவோ மாற்றும் பயிற்சி நம் வகுப்புகளின் அன்றாடம். இந்த வாக்கிய மாற்றத்துக்கு மர்ஃபியின் நூலில் பாடமே இல்லை. அயற்கூற்றுக்கும் இரண்டு அலகுகள்தான். இவற்றுக்கு ‘ரென் அண்ட் மார்ட்டின்’ நூலே இன்றும் விரிவான பயிற்சி தருகிறது. மதிப்பெண் மட்டுமே நோக்கம் என்றால் இந்த நீல அட்டை நூலை வாங்கத் தேவையில்லை. பிழையான வாக்கியத்தைத் திருத்தும் வினாவுக்கு மட்டும் இது மிக நல்ல பயிற்சி. ஏனென்றால் அங்கே கேட்பவை பெரும்பாலும் ‘சின்ஸ்’, ‘தி’, முன்னிடைச் சொற்கள் போன்று இந்நூல் ஆழமாகப் பேசும் இடங்கள்தாம்.

யாருக்கு ஏற்றது என்பதில் ஒரு கண்டிப்பு தேவை. விளக்கங்கள் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதால், எளிய ஆங்கில வாக்கியத்தையே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் உள்ளவர் கையில் இதைக் கொடுப்பது அவரை விரட்டுவதற்குச் சமம். தொடக்கநிலைக் கற்போருக்கு உரிய நூலன்று என்பதை நூலாசிரியரே சொல்லியிருக்கிறார். அவர்களுக்காக அவரே எழுதிய சிவப்பு அட்டை நூலான ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ இருக்கிறது; தமிழ்வழியில் படிக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சிவப்பு நூலே சரியான தொடக்கம். நீல நூலைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தோ கல்லூரி முதலாண்டிலிருந்தோ தொடங்கலாம். ஆங்கிலவழி வகுப்பு என்பதாலேயே நீல நூலுக்குத் தாவிவிடக் கூடாது. பயிற்றுமொழியைப் பார்த்து முடிவு செய்யாமல், ‘ஸ்டடி கைடு’ பகுதியின் முதல் இரண்டு பக்கங்களைக் கொடுத்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் நாட்டுக் கடைகளில் இந்நூல் ‘இன்டர்மீடியட் இங்கிலிஷ் கிராமர்’ என்ற பெயரில், தெற்காசிய மாணவர்களுக்கான பதிப்பாக விலை குறைவாகக் கிடைக்கிறது. சிவப்பு நூலும் அவ்வாறே ‘எசென்ஷியல் இங்கிலிஷ் கிராமர்’ என்ற பெயரில் வருகிறது. அந்தப் பதிப்புகளில் அலகுகளின் எண்கள் நான் மேலே குறித்தவற்றோடு ஒத்துப்போகா. தலைப்பைப் பார்த்துத் தேடிக்கொள்ள வேண்டும். உள்ளடக்கத்தில் பெரிய இழப்பு எதுவும் இல்லை என்பதால் பள்ளி நூலகத்துக்கு அதுவே போதும். ஐந்தாம் பதிப்பின் மின்னூலோடு கூடிய வடிவத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்களை ஒலியாகக் கேட்க முடிகிறது. தனியாகப் படிப்பவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம், வகுப்புக்கு அவசியமில்லை. விடைகள் இணைத்த பதிப்பு, விடைகள் இல்லாத பதிப்பு என்று இரண்டு வகை உண்டு. வீட்டில் படிப்பவர் விடைகளோடு கூடியதை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சிகளால் பயன் பாதிதான். வகுப்பு முழுவதற்கும் வாங்கும் பள்ளி விடைகள் இல்லாததைக் கேட்டு வாங்கலாம். அது கிடைக்காத ஊர்களில், ஆசிரியர் தம்மிடம் ஒரே படியை வைத்துக்கொண்டு, அன்றைய அலகின் ஐந்தாறு வாக்கியங்களை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, மீதி நேரத்தைப் பத்தி வாசிப்புக்குக் கொடுத்துவிடலாம்.